நின்ற இடத்திலேயே நடக்கச் சொன்னவன்

இந்த ஊரில் வயதானவர்கள் கையிலிருந்து நாற்காலியை வாங்கக் கூடாது. வாங்கினால் சண்டை வரும். வட இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊரில், சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில், செவ்வாய்க்கிழமைதோறும் முதியவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன். முதல் வகுப்பன்று டோரத்தி என்றொரு அம்மா, தலை முழுக்கப் பஞ்சாய் வெளுத்தவர், சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளில் ஒன்றை உருவி இழுத்துக்கொண்டு வந்தார். எனக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன். "நோ, தேங்க் யூ" என்றார். நம்மிடத்தில் வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் வற்புறுத்து என்றுதானே பொருள்? அதனால் நான் இன்னும் அழுத்திப் பிடித்து இழுத்தேன். அவரும் விடவில்லை. இரண்டு பேரும் ஹால் நடுவில் ஒரு நாற்காலிக்காக மல்லுக்கு நின்றோம். கடைசியில் அவர், "ஐ கேம் ஹியர் டு யூஸ் மை ஆர்ம்ஸ், யங் மேன்" என்றார். கைக்கு வேலை கொடுக்கத்தான் வந்தேன் என்கிறார். எனக்கோ நாற்பது தாண்டியவனை யங் மேன் என்றதுதான் காதில் விழுந்தது. பாராட்டுகிறார் என்று பல்லைக் காட்டினேன். அதில் அவருக்கு இன்னும் கோபம் ஏறிவிட்டது.

எங்கள் ஆம்பூரில் ஒரு பெரியவர் நாற்காலியைத் தொட்டால் நாலு பேர் கத்துவார்கள், "ஐயோ, நீங்க எதுக்கு எடுக்கறீங்கோ!" என்று. வீட்டு மானம் அந்த நாற்காலியின் காலில் கட்டியிருக்கிற மாதிரி. இங்கே ஹாலின் பொறுப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு வருவதுதான் அவர்களுக்கு முதல் பயிற்சி, நீ குறுக்கே போகாதே என்றார். இரக்கமில்லாத ஜனம் என்று அன்றைக்குத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். இப்போது என் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஊரில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு வந்திருக்கிற நம்மாட்கள் கொஞ்சம் காது கொடுத்தால், யார் மேல் என்று சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஊரில், "பொண்டாட்டி விசாவுல ஒட்டிக்கினு போனவன்" என்பார்கள். பொய்யில்லை. என் மனைவி ஜெஸி நர்ஸ். இரண்டாயிரத்துக்குப் பிறகு இங்கே ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுத்தபோது அவள் முன்னால் வந்தாள், நான் பின்னால் வந்தேன். அதற்கு முன்னால் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தைத்து முடித்த ஷூவுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பிரிவில் இருந்தேன். இங்கே அந்த வேலைக்கு ஆளும் தேவையில்லை, கம்பெனியும் இல்லை. நீச்சல் குளத்தில் தரை துடைத்தேன். துடைத்துக்கொண்டே, குளத்தோரம் கிழவர்களைக் குதிக்க வைக்கும் பயிற்சியாளர்களைப் பார்த்தேன். பார்த்ததை வீட்டில் செய்து பார்த்தேன், நூலகத்தில் படம் போட்ட புத்தகங்கள் எடுத்தேன், பரீட்சை எழுதினேன். பேசுகிறவனுக்கு எந்த ஊரிலும் ஒரு வேலை கிடைத்துவிடும். எனக்கு இது கிடைத்தது.

கம்ப்யூட்டர் வழியாக ஊருக்கு வகுப்பு எடுப்பது பிறகு வந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றவர்கள் அங்கே, நடுவில் ஸ்கைப். முதலில் வந்தவர் வாணியம்பாடி பாய் ஒருவர். தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர், லுங்கியோடு கேமரா முன் உட்கார்ந்து, "ஜாஸ்தி பண்ணா பேஜாரு மாஸ்டர், கம்மியா பண்ணி நெறய பேசலாம்" என்றார். அப்படியே செய்தோம். அவர் தோள்வலியும் சரியானது, என் உருதும் கொஞ்சம் சரியானது. மனிதர்கள் போகிற போக்கில் வீசிவிட்டுப் போகும் வார்த்தைகளுக்காகவே இந்த வேலையைச் சும்மாவும் செய்வேன் என்று ஜெஸியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் முறைத்தாள்.

அப்புறம் சலோமி அக்கா வந்தார்.

இங்கே ஞாயிறுகளில் தமிழ் ஆராதனைக்குக் கூடுகிறோம். அங்கே பழக்கமானவன் சாமுவேல். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நல்ல பையன், என்னை அண்ணா என்பான். ஆம்பூர் என்றதும் ஒட்டிக்கொண்டோம். அவன் அம்மாதான் சலோமி அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து, ஷூவின் மேல்பாகம் தைக்கிற மிஷினில் உட்கார்ந்து இவனைப் படிக்க வைத்தவர். ஓய்வு பெற்றுவிட்டார். தகரக் கூரை போட்ட பழைய வீட்டை இடித்து அதே மனையில் இவன் மாடி வீடு கட்டிக் கொடுத்திருக்கிறான். சமைக்கவும் துடைக்கவும் காலையில் ஒரு பெண் வந்து போகிறாள். "அம்மாவுக்கு ஒரு வேலையும் வைக்கல அண்ணா. ஆனா முட்டி புடிச்சிக்குது, எழுந்தா தள்ளாடுது. நீங்க பாத்துக்கோங்க. சாயங்காலம்தான் அம்மாவுக்குத் தோதுப்படும்" என்றான். அங்கே சாயங்காலம் என்றால் இங்கே மதியம். வாரத்தில் ஞாயிறு தவிர எல்லா நாளும். எனக்கும் தோதுதான், ஒத்துக்கொண்டேன்.

முதல் நாள் அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்திருந்தார். "டி.வி. மாதிரிதானே, பக்கத்து வூட்லயும் தெரியுமா?" என்றார். தெரியாது என்றதும் கொஞ்சம் ஏமாற்றம். கம்ப்யூட்டரைக் கண்டு பயமெல்லாம் இல்லை. "கரண்டு மிஷின ஓட்டுன கை, இந்த எலி இன்னா பெருசா?" என்று மவுஸைத் தட்டினார். உட்கார்ந்து எழச் சொன்னால் எழுவார், குதிகாலைத் தூக்கச் சொன்னால் தூக்குவார். ஓய்ந்து உட்காரும்போது மட்டும் வலது பாதம் தானாகத் தரையை அழுத்தி அழுத்தி எடுக்கும். "மிஷினு நின்னுபோச்சுன்னு இதுக்கு இன்னும் யாரும் சொல்லல தம்பி" என்றார். சமைக்க வருகிற பெண்ணைப் பற்றிக் கேட்டால், "கைக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தான். அப்பால வாய்க்கும் குடுத்துட்டான். அவ எட்டு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போய்ட்டா நான் செவுத்தோடதான் பேசணும்" என்றார். நான் சிரித்தேன். சிரிக்கிற விஷயமா அது என்று இப்போது நினைக்கிறேன்.

சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். வகுப்பு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அக்காவின் கவனம் கலைந்துவிடும். தெருவில் எங்கேயோ ஒரு ஹாரன் கேட்கும், உடனே முகம் கதவுப் பக்கம் போகும். ஒரு நாள் முழங்காலை உயர்த்தி, நின்ற இடத்திலேயே நடக்கச் சொல்லியிருந்தேன். ஹாரன் அடித்தது. நடை நின்றது.

"அக்கா, இங்க பாருங்க. கேமராவப் பாருங்க."

"கம்பெனி பஸ்சு தம்பி. நம்ப பொம்பளைங்க வந்துட்டாளுங்க."

"வரட்டும். நீங்க இன்னும் கொஞ்சம் நடங்க."

"நானும் நடந்துகினுதான் இருக்கேன். தெருமுனை வரமாட்டேங்குதே!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார். வேலையை விட்டு நின்ற பிறகும் தினமும் சாயங்காலம் தெருமுனைக்குப் போய்விடுவாராம். பஸ்ஸிலிருந்து கூட வேலை செய்தவர்கள் இறங்குவார்கள். வேர்க்கடலை வாங்கி ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பிரித்து, இருட்டுகிற வரை நின்று, எந்த லைனில் எந்தச் சூப்பர்வைசர் கத்தினான், யார் பெண்ணுக்கு வரன் வந்தது, எல்லாம் கேட்டுவிட்டு வருவார். வகுப்பு தொடங்கியதிலிருந்து போகவில்லை.

"கூட மிஷின் ஓட்டுன எஸ்தரு கேட்டாண்ட வந்து கேக்கறா தம்பி, 'இன்னாடி சலோமி, உன் புள்ள உன்ன மியூசியத்துல வச்சிட்டானா'ன்னு. எனக்கு மூஞ்சி எங்க வச்சிக்கறதுன்னு தெரியல."

"அப்ப நேரத்த மாத்திக்கலாமேக்கா. உங்களுக்கு மதியத்துல வச்சிக்கலாம்."

"நான் கேக்காமலா இருந்தேன்? அவன் சொன்னான், 'இல்லம்மா, இந்த நேரம்தான் வேணும். அப்பதான் நீ அங்க போய் நிக்கமாட்ட'ன்னு."

இதை ஒரு குழந்தையின் குறும்பைச் சொல்வதுபோல் சொன்னார். எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. சாமுவேல் தினமும் மதியம் என் போனுக்கு ஒரு செய்தி அனுப்புவான்: அம்மா கிளாஸ்ல இருக்காங்களா? பெற்றவள்மேல் இத்தனை அக்கறையா என்று உருகி, இருக்காங்க தம்பி என்று பதில் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டு வேலையைப் பிடுங்கி உட்கார வைத்து, முட்டி பிடித்துக்கொண்டதும் ஒரு மாஸ்டரை வைத்து, தெருமுனைவரை நடந்துகொண்டிருந்த மனுஷியை ரூமுக்குள்ளேயே நடக்க வைக்கிறான். அந்த ரூமுக்குப் பூட்டாக என்னை மாட்டியிருக்கிறான். வீட்டில் சொன்னபோது ஜெஸி சட்டியைக் கழுவிக்கொண்டே, "அப்ப நீங்க எக்ஸர்சைஸ் மாஸ்டரா, வாட்ச்மேனா?" என்றாள்.

அந்த பஸ் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் நான் வேலைக்குச் சைக்கிளில் போவேன். பெண்களுக்குக் கம்பெனி பஸ். என் சைக்கிள் பஞ்சரான நாட்களில் டிரைவர் இரக்கப்பட்டு இன்ஜின் மேல் உட்காரவிடுவார். "இந்த பஸ்சுல ஆம்பளைக்கு காது மட்டும்தான், வாய் கெடையாது" என்று சட்டம் போட்டுத்தான் ஏற்றுவார்கள். உள்ளே பசை வாடையும் மல்லிகை வாடையும் கலந்து அடிக்கும். ஒருத்தி அவரைக்காய் நார் உரிப்பாள், ஒருத்தி ஞானப்பாட்டை ஆரம்பிப்பாள், பின்சீட்டில் ஒருத்தி தன் மாமியார் மாதிரியே நடித்துக் காட்டுவாள், பாட்டு பாதியில் நின்று பஸ்ஸே குலுங்கும். அழுகிறவளையும் பார்த்திருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்காமல் அவள் தலையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொள்வார்கள். கம்பெனிக்குள் போனால் சூப்பர்வைசருக்குப் பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்குள் போனால் புருஷனுக்கோ மாமியாருக்கோ பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்கள் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்த இடம் அந்த பஸ் ஒன்றுதான். சலோமி அக்கா தெருமுனைக்கு வேர்க்கடலை தின்னப் போகவில்லை. அங்கே போய்த்தான் அவர் சலோமியாக இருந்தார். வீட்டுக்குள் சாமுவேலின் அம்மா, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது சாமுவேலை ஓரமாக இழுத்தேன்.

"ஏன் தம்பி, பஸ் வர்ற நேரமாப் பாத்துத்தான் கிளாஸ் வச்சியா?"

அவன் மறைக்கவில்லை. "ஆமாண்ணா. எனக்கு வேற வழி தெரியல. எனக்குப் பாத்திருக்கற பொண்ணு வூட்டுக்காரங்க வேலூர்ல டீச்சர் குடும்பம். கார்ல வரும்போது அம்மா தெருமுனையில வேலைக்காரிங்களோட நின்னுகினு கடல துன்னுட்டு இருந்துச்சாம். 'உங்க அம்மா இன்னும் வேலைக்குப் போறாங்களா'ன்னு போன் பண்ணி கேக்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?"

"போனாங்கன்னு சொல்லேன். அவங்க போனதுனாலதான் நீ இங்க நின்னு டீ குடிக்கிற."

"அதெல்லாம் மறக்கலண்ணா." குரல் இறங்கியது. "சின்னதுல தெனம் சாயங்காலம் அதே எடத்துல நான்தான் நின்னுட்டிருப்பேன். பஸ் லேட்டானா அம்மா வராதோன்னு பயந்துகினு. அந்த எடத்த விட்டு அம்மாவ எடுத்துடணும்னுதான் படிச்சேன். இப்ப பாத்தா, அதுவே போய் அங்க நிக்குது."

அவன் வலி பொய்யில்லை. ஆனால் அவன் வலிக்கு அக்கா ஏன் உள்ளே உட்கார வேண்டும்?

"நல்லதுக்குத்தான் பண்றேன். கால் ஸ்ட்ராங் ஆகணும்னுதான உங்ககிட்ட விட்டேன்" என்றான்.

"கால் ஸ்ட்ராங் ஆகி எங்கடா போறதுக்கு?"

டீக் கோப்பையை வைத்துவிட்டு, "உங்களுக்குச் சரிப்படலன்னா சொல்லிடுங்க, எக்ஸர்சைஸ் சி.டி. வாங்கிப் போட்டுக்கறேன். ஆனா நேரம் மாறாது" என்று போய்விட்டான். நான் விலகினால் பூட்டு மாறும், கதவு திறக்காது. அதனால் விலகவும் முடியாமல், கையை உயர்த்துங்கள் அக்கா, இறக்குங்கள் அக்கா என்று வெட்கம்கெட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாமுவேல் ஒருவன்மேல் மட்டும் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் எல்லோர்மேலும்தான். ஊருக்குப் போனால் பார்க்கிறேனே. நடந்து மார்க்கெட் போய்க்கொண்டிருந்த அப்பாவை, "புள்ள வெளிநாட்ல இருக்கான், இவரு பை தூக்கறாரு" என்று யாரோ சொன்ன சொல்லுக்காக வீட்டில் உட்கார வைத்திருக்கிறோம். வழுக்கும் டைல்ஸ் போட்டுவிட்டு, வழுக்கும், நடக்காதே என்கிறோம். அம்மாவுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறோமே, அவளிடமிருந்து என்னவெல்லாம் பிடுங்கினோம் என்பதற்கான வாக்குமூலம் அது. மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். அசையாத ஆளுக்குச் செய்வதற்குப் பெயர் மரியாதை இல்லை ஐயா, அது அடக்கத்துக்கு முந்தைய ஒத்திகை.

டோரத்தி அம்மாவிடம் ஒரு நாள் இதைச் சொன்னேன். இப்போது நாங்கள் சமாதானமாகிவிட்டோம். முழுக்கக் கேட்டுவிட்டு, "மகனைத் தன் வேலையைப் பார்க்கச் சொல்ல வேண்டியதுதானே அந்த அம்மா?" என்றார். எங்களிடத்தில் அம்மாவின் வேலைதான் மகனின் வேலை, மகனின் வேலைதான் அம்மாவின் வேலை, யார் எதைப் பார்ப்பது என்று என் இங்கிலீஷில் விளக்கினேன். அவருக்கு ஏறவில்லை. "என் மகன் ரொம்ப நல்லவன். எதிலும் தலையிட மாட்டான்" என்றார். அடுத்த ஊரில்தான் இருக்கிறான் அந்த நல்லவன், வருவது கிறிஸ்துமஸுக்கு. என் வகுப்பு இல்லாத வாரங்களில் தொண்டை கட்டிப்போகிறது, பேசாததால்தான் என்று அவரே இன்னொரு நாள் சொன்னார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. இங்கே கால்களை விட்டுவைத்திருக்கிறார்கள். போய்ச் சேர ஒரு தெருமுனையை விட்டுவைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒரு மதியம். வெளியே சாரல், நான் வீட்டு முன்னறையில் ஸ்கைப் முன் நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் முட்டி உண்மையிலேயே தேறியிருந்தது. கை ஊன்றாமல் எழுந்து நின்றார்.

"ரெண்டு கையும் மேல, அக்கா. நல்லா நீட்டி."

நீட்டினார். ஹாரன் கேட்டது. நான் வழக்கம்போல், இங்க பாருங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கையை இறக்கிப் புடவை மடிப்பைச் சரிசெய்தார்.

"முட்டி நல்லாருக்குன்னு நீதான சொன்ன மாஸ்டர்?"

"நல்லாருக்குக்கா."

"கை ஊனாம நிக்கறேன் இல்ல?"

"நிக்கறீங்க."

"அப்ப நீ கைய தூக்கினே இரு. நான் தோ வர்றேன்."

கேமராவை விட்டு விலகிப் போனார். தாழ்ப்பாள் ஓசை கேட்டது, பிறகு இரும்பு கேட் உராய்ந்து திறக்கிற ஓசை. சொன்னபடியே நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேஜையில் போன் அதிர்ந்த பிறகுதான் கையை இறக்கினேன். தினமும் செய்தி அனுப்புகிறவன் அன்றைக்குக் கூப்பிட்டே விட்டான். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது அதற்குள் சொல்லிவிட்டார்களோ என்னவோ.

"அண்ணா, அம்மா கிளாஸ்ல இருக்காங்களா?"

"இல்ல தம்பி. தெருமுனைக்குப் போயிருக்காங்க."

"நீங்க எப்படி வுட்டீங்க?"

"அவங்க என்ன நான் கட்டி வச்ச கன்னுக்குட்டியா, வுடறதுக்கும் புடிக்கறதுக்கும்? நடந்து போனாங்க சாமுவேல். தள்ளாடல. எதையும் புடிக்கல. இதுக்குத்தான என்ன வச்ச?"

அவன் என்னவோ கத்த ஆரம்பித்தான். போனைக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் முன்னால் வைத்தேன். திறந்து கிடந்த கதவு வழியே ஆம்பூர் வந்துகொண்டிருந்தது. பஸ் நின்று உறுமிக்கொண்டிருந்தது. யாரோ, "அடியே சலோமி! உயிரோடதான் இருக்கியாடி?" என்று கூவினாள். அதற்குச் சலோமி அக்கா என்ன சொன்னாரோ காதில் விழவில்லை. விழுந்ததெல்லாம் அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு. பத்துப் பதினைந்து பெண்கள், ஒரு நாள் முழுக்க மிஷினுக்குக் குனிந்திருந்தவர்கள், தெரு அதிரச் சிரித்தார்கள். போனில் சாமுவேலின் கத்தல் நின்றுவிட்டது. கட் செய்துவிட்டானோ என்று காதில் வைத்துப் பார்த்தேன். மூச்சு விடுவது கேட்டது.

"சவுண்டக் கம்மி பண்ணுங்கண்ணா" என்றான். அவன் குரல் மாதிரியே இல்லை.

நான் ஜாஸ்தி பண்ணினேன்.

போனை எப்போது வைத்தான் என்று தெரியவில்லை. திரை முழுக்கச் சலோமி அக்காவின் கூடம், மின்விசிறி, சுவரில் ஆடும் காலண்டர். ஆளில்லை. மூலையில் மட்டும், ஸ்கைப்பில் நம்மை நமக்கே காட்டுகிற அந்தச் சின்னச் சதுரத்தில், நான் நின்றுகொண்டிருந்தேன். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எனக்குப் பின்னால் இங்கிலாந்தின் மழை ஜன்னலில் வழிய, ஆம்பூரில் ஒரு வீட்டுக்குள்ளே தபால்தலை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. எனக்குத்தான் அந்த மூலையைவிட்டு ஓர் அடிகூட நகர முடியவில்லை.